கொம்பு முளைத்தவர்கள்



என்னை அறிமுகம் செய்த நண்பர் பதினொரு நிமிடம் பேசினார். அவர் சொன்னதில் பாதியை நான் செய்யவே இல்லை. மீதிப் பாதியை என்னோடு நாலைந்து பேர் சேர்ந்து செய்தார்கள். அவர்கள் பெயர் ஒன்றும் வரவில்லை. பிறகு சால்வை போர்த்தினீர்கள். சித்திரை மாதத்தில் ஜரிகைச் சால்வைக்குள் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டே நான் நினைத்தது ஒன்றுதான். இந்தக் கூட்டம் கலஹாரிப் பாலைவனத்தில் நடந்திருந்தால் தலைவர் எழுந்து, "இன்றைக்கு நல்ல ஆள் யாரும் கிடைக்கவில்லை, ஏதோ ஒரு கிழம் பேச வந்திருக்கிறது, கேட்டுத் தொலையுங்கள்" என்று சொல்லியிருப்பார். எனக்கும் இத்தனை வியர்த்திருக்காது.

ஒரு கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் மேலே வரும்போது அந்தக் கூட்டம் அவரை எப்படிப் பார்க்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. "பொறாமை, வேறென்ன?" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அப்படி முடிக்க மனமில்லாமல்தான் கலஹாரிக்குப் போகிறேன்.

ரிச்சர்ட் லீ என்று ஒரு மானிடவியலாளர். கனடாவில் பணியாற்றியவர். 1963இல் தொடங்கி, இன்றைய போட்ஸ்வானா நாட்டுக் கலஹாரியில் டோபே என்ற பகுதியில் குங் மக்களோடு தங்கி அவர்கள் வாழ்க்கையை ஆராய்ந்தார். அவர்கள் வேட்டையாடியும் கிழங்கும் கொட்டையும் திரட்டியும் வாழ்ந்தவர்கள். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு உழைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுப்பது லீயின் வேலை. கணக்குக் கெட்டுவிடும் என்பதால் தன் டப்பா உணவை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. மாதக்கணக்கில் உணவை அடுக்கி வைத்துக்கொண்டு தனியாகத் தின்கிற மனிதனை, எதையும் பங்கிட்டுத் தின்னும் ஊர் என்னவென்று சொல்லும்? கஞ்சன் என்று சொன்னது.

அந்தப் பெயரைத் துடைக்க அவருக்கு ஒரு வழி தோன்றியது. அந்த வட்டாரத்தில் கிறிஸ்துமஸ் அன்று மாடு அடித்து விருந்து வைக்கும் வழக்கம் இருந்தது. பக்கத்து மந்தைகளிலேயே பெரிய மாடாகப் பார்த்து ஒரு கருப்பு எருதை விலைபேசினார். எடை சுமார் 1,200 பவுண்டு, நம் கணக்கில் ஐந்நூறு கிலோவுக்கு மேல். 150 பேர் வயிறாரத் தின்றாலும் மிஞ்சும். மனுஷனுக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

செய்தி பரவியது. முதலில் ஒரு மூதாட்டி வந்தாள். அந்த எலும்புக்கூட்டையா வாங்கியிருக்கிறாய் என்று கேட்டாள். மாடு பெரிசுதான், ஆனால் கிழடு. நாங்கள் என்ன, கொம்பையா கடித்துத் தின்பது என்கிற மாதிரிக் கேள்வி. அடுத்தடுத்து வந்தவர்கள் எல்லோரும் இதே பாட்டு. இத்தனை நாள் எங்களோடு இருந்தும் மாடு பார்க்கத் தெரியவில்லையே என்று ஒருவர் வருத்தப்பட்டார். கறி போதாமல் விருந்தில் சண்டை மூளும் என்று இன்னொருவர் பயமுறுத்தினார். லீ தன் கண்ணையே சந்தேகப்படத் தொடங்கிவிட்டார். வேறு மாடு கிடைக்குமா என்று பார்த்தார்; கிடைக்கவில்லை. விருந்தன்று காட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்.

அந்த நாள் வந்தது. மாட்டை வீழ்த்தி மார்பைக் கீறினார்கள். கத்தி வெள்ளை வெளேரென்ற கொழுப்புக்குள் இறங்கியது, இரண்டு விரல் கனத்துக்கு. லீ கத்தியேவிட்டார்: இதையா எலும்பும் தோலும் என்றீர்கள்? ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு பகல் இரண்டு இரவு தின்றார்கள், ஆடினார்கள். யாரும் பசியோடு போகவில்லை, ஒரு சண்டை வரவில்லை.

பிறகு அவர் ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்தார். கிடைத்த விளக்கத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். வேட்டையில் பெரிய விலங்கை அடித்தவன் ஊருக்குள் கூவிக்கொண்டு வரக்கூடாது. சத்தமில்லாமல் வந்து நெருப்போரம் உட்கார வேண்டும். என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால், எனக்கு எங்கே வேட்டை தெரியும், ஏதோ ஒரு சின்னது என்று முனக வேண்டும். கேட்டவனுக்கு அப்போதே தெரிந்துவிடும், ஏதோ பெரிதாக விழுந்திருக்கிறது என்று. மறுநாள் கறி சுமக்கப் போகிறவர்கள் விலங்கைப் பார்த்ததும், இந்த நோஞ்சானுக்காகவா இவ்வளவு தூரம் நடக்க வைத்தாய் என்று திட்டுவார்கள். அடித்தவனும் ஆமாம், கழுதைப்புலிக்குப் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்பான். யாரும் போடமாட்டார்கள். எல்லோரும் சுமந்துகொண்டுதான் வருவார்கள்.

ஏன் இந்த நாடகம்? நிறையக் கறி கொண்டுவருகிற இளைஞனுக்குத் தான் பெரிய ஆள் என்ற எண்ணம் வந்துவிடும். மற்றவர்கள் தனக்கு வேலைக்காரர்களாகத் தெரிவார்கள். அந்தச் செருக்கு ஒருநாள் கொலையில் போய் நிற்கும். அதனால் அவன் நெஞ்சைக் குளிர வைக்கிறோம் என்றார்கள். லீ இந்தக் கதையை 1969 டிசம்பரில் ஓர் அமெரிக்க இயற்கை வரலாற்று இதழில் எழுதினார். வெளிவந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது, இன்றைக்கும் மானிடவியல் வகுப்புகளில் படிக்கிறார்கள். தன்னைப் பற்றிய கேலிக் கதையாலேயே புகழ் பெற்றவர் அவர்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. விலங்கு யாருக்குச் சொந்தம்? அடித்தவனுக்கு இல்லை. முதலில் தைத்த அம்பு யாருடையதோ அவருக்கு. அம்புகளை அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வேட்டைக்கே போகாத ஒரு கிழவரின் அம்பு என் கூட்டில் இருக்கும். நான் அடித்த விலங்கை அவர் பங்கு பிரிப்பார். திறமை என்னுடையது, பெருமை பல கை மாறிப் போய்விடுகிறது. தொடர்ந்து வேட்டை வாய்த்தவன் கொஞ்ச நாள் வில்லைத் தொடாமல் சும்மா இருந்துவிடுவதும் உண்டு. மற்றவன் கறியையும் தான் தின்ன வேண்டுமல்லவா?

கவனியுங்கள், அவர்கள் யாரும் நல்ல வேட்டைக்காரனை விரட்டவில்லை. அவன் இல்லாவிட்டால் பட்டினி. அவனைத் தங்களோடு வைத்துக்கொள்ளத்தான் திட்டுகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. பத்தாம் வகுப்பில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். பெரியப்பா வீட்டில் நாலு பேர் நடுவில் யாரோ புகழ்ந்தார்கள். அப்பா உடனே, "மார்க்கு வாங்கி என்ன? கடைக்கு அனுப்பினா மீதிச் சில்லறை எண்ணி வாங்கத் தெரியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. திரும்பி வரும் வழியில் அதே அப்பா சைக்கிளை நிறுத்தி எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று இரவு அம்மா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள்.

நம்மிடமும் இந்த வழக்கம் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன். அழகான குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு வைக்கிறோம். புது வீட்டு வாசலில் பூசணிக்காயில் ஒரு கோர முகத்தை எழுதித் தொங்கவிடுகிறோம். முன்னால் பிறந்ததெல்லாம் தங்காமல் போன வீட்டில் அடுத்த பிள்ளைக்குப் பிச்சை என்றும் குப்பை என்றும் பெயர் வைத்தார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நாம் பயப்படுவது பார்க்கிறவன் கண்ணுக்கு. குங் மக்கள் பயப்படுவது சாதித்தவனின் நெஞ்சுக்கு. நமக்கு ஆபத்து வெளியே இருக்கிறது, அவர்களுக்கு உள்ளே. இது சின்ன வேறுபாடு இல்லை. கண்ணுக்குப் பயப்படுகிறவன் சாதனையை மறைப்பான். மறைத்து வைத்ததைப் பங்கு போடுவது எப்படி?

உள்ளே இருக்கும் ஆபத்துக்கும் நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. "அவனுக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று கேட்கிறோம். இதில் பாதிக்குப் பாதி வயிற்றெரிச்சல் என்பது உண்மை. மீதிப் பாதி நியாயமான கேள்வி. கொம்பு முளைத்த மாடு முட்டும்.

பண்டைக் கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரத்துக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேலி செய்து நெஞ்சைக் குளிர வைப்பதற்கு ஊர் சிறிதாக இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான குடிமக்கள் இருக்கும் நகரத்தில் அது நடக்காது. அங்கே உடைந்த பானை ஓட்டில் பெயர் எழுதிப் போட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, வேண்டுமென்று சபை முடிவு செய்தால் வாக்கெடுப்பு. ஆறாயிரம் ஓடுகள் சேர வேண்டும். அதிக ஓடு விழுந்த மனிதர் பத்து நாளுக்குள் நகரத்தை விட்டுப் போய்விட வேண்டும், பத்து ஆண்டுகளுக்கு. குற்றச்சாட்டு கிடையாது, விசாரணை கிடையாது. சொத்தைத் தொடமாட்டார்கள். "நீ அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டாய், கொஞ்ச காலம் வெளியே இரு" என்பதுதான் அதன் பொருள்.

கி.மு. 482இல் அரிஸ்டைடீஸ் போனார். நேர்மையாளர் என்று பட்டம் பெற்றவர். எழுதத் தெரியாத ஒரு குடியானவன், யாரென்று தெரியாமல் அவரிடமே ஓட்டைக் கொடுத்து அரிஸ்டைடீஸ் பெயரை எழுதித்தரச் சொன்னானாம். அவர் உனக்கு என்ன கெடுதல் செய்தார் என்று இவர் கேட்க, ஒன்றும் இல்லை, எங்கே போனாலும் அவரை நேர்மையாளர், நேர்மையாளர் என்கிறார்கள், கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது என்றானாம். இவரும் எழுதிக்கொடுத்தாராம். புளூட்டார்க் என்ற கிரேக்க எழுத்தாளர் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதிய கதை. நடந்தது என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. இரண்டே ஆண்டில் பாரசீகப் படை வந்தபோது அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள் என்பது வரலாறு.

கதையைவிட எனக்கு அந்த ஓடுகள்தான் முக்கியம். 1937இல் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றைத் தோண்டினார்கள். சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. கிட்டத்தட்ட அத்தனையிலும் ஒரே பெயர்: தெமிஸ்டக்ளீஸ். சலாமிஸ் கடற்போரில் ஏதென்ஸைக் காப்பாற்றியவர். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், இவ்வளவையும் பதினான்கு பேர்தான் எழுதியிருக்கிறார்கள் என்று கண்டார்கள். யாரோ உட்கார்ந்து கட்டுக்கட்டாக எழுதி, வருகிறவன் போகிறவன் கையில் கொடுக்கத் தயாராக வைத்திருக்கிறார்கள். ஊர் அவரை வெறுத்தது என்று நாம் படிக்கிறோம். ஊரில் பதினாலு பேருக்கு நல்ல கையெழுத்து இருந்தது. "ஊரே சொல்லுது" என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம்மூர். கணித அறிஞர் இராமானுஜன்.

அவரைப் பற்றிப் பேசும்போது கூட்டம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது, பல கூட்டங்கள். கல்லூரிக் கூட்டம் அவரை எல்லோரையும் போலவே பார்த்தது. கணக்கில் எவ்வளவு வாங்கினால் என்ன, மற்ற பாடத்தில் தேறவில்லை என்றால் தேறவில்லைதான். கும்பகோணத்தில் உதவித்தொகை போனது, பிறகு சென்னையிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. இதைச் சொல்லிக் கல்லூரிகளைத் திட்டுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. நான் திட்டமாட்டேன். விதி எல்லோருக்கும் ஒன்று என்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதற்கு விலையும் இருக்கிறது.

இன்னொரு கூட்டம் அவரைத் தாங்கிப் பிடித்தது. நெல்லூர் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தா வேலை. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணக்குத் தெரிந்தவர். இரவில் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். மேலதிகாரி குமாஸ்தாவின் சிலேட்டை எட்டிப் பார்க்கிறார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய கடிதத்தைப் பெரிதாகப் பேசுகிறோம். எனக்கு அந்தச் சிலேட்டு அதைவிடப் பெரிது.

சூத்திரங்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால், நாமக்கல் நாமகிரித் தாயார் கொடுத்தாள் என்று அவர் சொல்வார். பகுத்தறிவாளர்கள் இதைக் கேட்டுச் சங்கடப்படுகிறார்கள், பக்தர்கள் மகிழ்கிறார்கள். நான் கலஹாரி அம்பை நினைக்கிறேன். விலங்கை அடித்தவன் நான், அம்பு அவளுடையது. அதைச் சொல்லிவிட்டால் நெஞ்சும் குளிரும், எதிரே இருப்பவன் கண்ணும் குளிரும்.

1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். 1919இல் நோயோடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26, சேத்துப்பட்டில் இறந்தபோது வயது 32. கடல் கடந்தவர், இராமேஸ்வரம் போய்ப் பிராயச்சித்தம் செய்ய உடம்பில் தெம்பில்லை. ஆசாரம் பார்த்த உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஏதென்ஸில் பத்து ஆண்டு கழித்தாவது திரும்ப வரலாம்.

பிறகு நாம் கொண்டாடத் தொடங்கினோம். 1962இல் தபால்தலை, 2012 முதல் டிசம்பர் 22 தேசிய கணித நாள். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லம். இதையெல்லாம் குறை சொல்லவில்லை. இந்த இடைக்காலம் முழுவதும் அவருடைய மனைவி ஜானகி அம்மாள் எங்கே இருந்தார்? பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் ஓய்வூதியம் கொடுத்தது. சில ஆண்டுகள் பம்பாயில் சகோதரர் வீட்டில் இருந்தார், பிறகு திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்தார். இராமானுஜன் என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் அந்தப் படம், கலைந்த கோட்டும் அகன்ற கண்ணுமாக, அது ஒரு பாஸ்போர்ட் படம். அதுவும் ஜானகி அம்மாளிடம்தான் இருந்தது. 1936இல் விஞ்ஞானி சந்திரசேகர், ஹார்டி கேட்டார் என்று தேடிப் போய் வாங்கிக்கொண்டு போனார்.

1980களின் தொடக்கத்தில் ஒரு பேட்டியில் அந்த அம்மாள் கேட்டார்: என் கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, அது எங்கே? எண்பதைத் தாண்டிய ஒரு பெண்ணின் கேள்வி அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆஸ்கி என்ற கணித அறிஞரின் கண்ணில் பட்டது. உலகெங்கும் கணிதக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். பால் கிரான்லண்ட் என்ற சிற்பி, அந்தப் பாஸ்போர்ட் படத்தையே வைத்துக்கொண்டு வெண்கலத்தில் மார்பளவுச் சிலை செய்தார். ஒன்று ஜானகி அம்மாளுக்கு வந்து சேர்ந்தது. சிலேட்டை எட்டிப் பார்த்தவர்களின் கூட்டம் அது. கடல் தாண்டியும் இருக்கிறது.

புகழ்ச்சி பற்றி எனக்கு இருக்கும் சந்தேகம் இங்கேதான். கேலி செய்கிறவன் பக்கத்தில் நிற்க வேண்டும். கும்பிடுகிறவன் எட்டி நிற்கலாம். மேதை, தெய்வப் பிறவி என்று சொன்ன மறுநிமிடமே அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்கிற கடமை நமக்கு இல்லாமல் போய்விடுகிறது. பானை ஓட்டில் பெயர் எழுதி ஊரை விட்டு அனுப்பலாம். பீடத்தில் ஏற்றியும் அனுப்பலாம்.

பள்ளிப் பிள்ளைகளையும் இப்படித்தான் பீடத்தில் ஏற்றுகிறோம். தமிழ்நாடு அரசு 2017இல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது. பிள்ளைகளுக்கு மன அழுத்தம் என்பது காரணம். எனக்குச் சம்மதம்தான். அறிவிப்பு நின்றது, பிளக்ஸ் நிற்கவில்லை. எங்கள் தெருமுனையில் போன ஆண்டு ஒன்று வைத்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பெண். அவள் முகம் தபால்தலை அளவில் ஒரு மூலையில். வாழ்த்துகிறவர்கள் ஒன்பது பேர், கைகூப்பியும் கைப்பேசியில் பேசியபடியும், ஆளுயரத்துக்கு. இனத்துக்குப் பெருமை சேர்த்தாள் என்று மேலே ஒரு வரி. அம்பு எங்களுடையது என்று ஒன்பது பேர் வந்து நிற்கிறார்கள். ஒரு வித்தியாசம், கலஹாரியில் அம்புக்காரர் கறியைப் பங்கு பிரித்துக் கொடுப்பார்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். மறுநாள் மாலை தெருக் குழாயடியில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு குடத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இருவரும் ஒரே வகுப்பு. என்னம்மா, தெருவே உன்னைப் பற்றித்தான் பேசுகிறது என்று நான் அறிவாளித்தனமாக ஆரம்பித்தேன். அவள் வாயைத் திறப்பதற்குள் மற்றவள் முந்திக்கொண்டாள். "இவளா சார்? கணக்குல நூறு. எங்க வீட்டு வாசல்ல ஏழு புள்ளி வெச்சு ஒரு கோலம் போடச் சொல்லுங்க, ஆறு வெச்சிட்டு முழிப்பா."

நூறு வாங்கியவள் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் குடம் நிரம்பி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை.